சாலை போடுமுன் ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"சாலைகள் ஒரு நாட்டின் இரத்த நாளங்கள்" என்று பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் எழுதாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பத்துக்கு ஆறு மதிப்பெண்ணாவது வாங்கித் தந்த வாக்கியம் அது. ஆனால் அந்த நாளம் எந்த உறுப்புக்குப் போய்ச் சேருகிறது, எந்த உறுப்பை விட்டுவிடுகிறது என்று நாம் எழுதியதுமில்லை. எழுதச் சொன்னவர்கள் கேட்டதுமில்லை. நம் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு சாலையில் ஆடிக் குலுங்கித்தான் வந்து சேருகிறோம். ஆகவே இவ்வாண்டு மலரில் சாலையைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். கவிதையாக அல்ல, கணக்காக.

நான் செங்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் அப்பா பிரானூரில் மர அறுவை மில்லில் தடி ஏற்றி இறக்குகிறவர். என் ஆச்சி இளவயதில் சாலை வேலையில் சட்டி சட்டியாக ஜல்லி சுமந்தவர். அவர்கள் இருவருக்கும் சாலையை உடம்பால் தெரியும். எனக்கு அதை எண்களால் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

எங்கள் ஊர் வழியே போகிற பெருஞ்சாலை, கொல்லத்திலிருந்து மலையேறி ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கிப் புளியரை, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், இராசபாளையம் என்று திருமங்கலத்தில் போய் முடிகிறது. பழைய எண் 208. 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது 744 ஆயிற்று. இந்தச் சாலை தோன்றிய காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டது. கொல்லத்துத் துறைமுகத்தையும் நெல்லைச் சீமை வணிகத்தையும் இணைப்பதே சாலையின் நோக்கம். கல்லடையாற்றின் மேல் புனலூரில் 1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் அதற்குச் சாட்சி. 1904இல் ரயிலும் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மலைக்கு மேலே ஏறிக்கொண்டது. ஆனால் பழைய எல்லை இருந்த இடத்துக்குப் 'பிரானூர் பார்டர்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று அங்கே பரோட்டாவுக்காக வண்டியை நிறுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எதற்கும் எதற்கும் 'பார்டர்' என்று தெரியுமோ!

அந்தச் சாலையைச் சுற்றி இப்போது எங்கும் நான்கு வழிப் பேச்சு. திருநெல்வேலி - தென்காசிச் சாலை உலக வங்கிக் கடனுதவியோடு நான்கு வழியாகிவிட்டது. திருமங்கலம் - இராசபாளையம் பகுதியில் நான்கு வழிப் பணி முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்தது இராசபாளையம் - செங்கோட்டை. இதற்கு வழித்தடம் குறித்தபோது சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். நஞ்சையும் கிணறும் தோப்பும் போகின்றன, வேறு வழியாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கடம்பாட்டுக்கோணத்திலிருந்து ஆரியங்காவு நோக்கிப் புத்தம் புதிய நான்கு வழிச் சாலைக்குத் திட்டம் வகுத்திருக்கிறார்கள்.

சாலை வேண்டாம் என்று சொல்ல வந்தவள் அல்லள் நான். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை பெரிய ஆசுபத்திரிக்கு விரைகிற ஆம்புலன்சுக்குள் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். என் கேள்வி வேறு. அகலப்படுத்துவது என்ற முடிவுக்கு முன்பே, மேசை மேல் முதல் தாளை வைக்கிறபோதே, சாலையின் தலையெழுத்துப் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. எதை எண்ணுவது, எந்த வாரத்தில் எண்ணுவது, எதுவரை நம் வேலை, எதற்கு அப்பால் நம் வேலை இல்லை என்று அந்தத் தாளில் வரம்பு கட்டுகிறார்கள். பின்னால் வருகிற அளவுக்கல், நில எடுப்பு, ஒப்பந்தப்புள்ளி, தார் எல்லாம் அந்த வரம்புக்குள் நடக்கிறவை. நாமோ தார் ஊற்றும்போதுதான் வேடிக்கை பார்க்கப் போகிறோம்.

முதலில் எண்ணிக்கை. நம் நாட்டில் சாலைகளுக்கு இலக்கணம் வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு. பெயரைப் பார்த்துக் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். 1934இல் தொடங்கிய பொறியாளர் அவை அது. ஒரு சாலையில் லாரி, பேருந்து, சைக்கிள், மாட்டு வண்டி எல்லாம் கலந்து போகின்றன. இவற்றை எப்படிக் கூட்டுவது? ஆட்டையும் மாட்டையும் கூட்ட முடியாது என்று நான்காம் வகுப்பில் படித்தோமே! அதற்காக எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுகிறார்கள். ஒரு கார் ஒரு அலகு. மற்ற வண்டி ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்று ஒரு பட்டியல் உண்டு. ஊர்ப்புறச் சாலைகளுக்கு 1990இல் வெளியான பட்டியலின்படி ஸ்கூட்டர் அரை. சைக்கிளும் அரை. ஆட்டோ ஒன்று. லாரியும் பேருந்தும் மூன்று. டிரெய்லர் கட்டிய டிராக்டர் நாலரை. மாட்டு வண்டி எட்டு!

மாட்டு வண்டிக்கு எட்டு என்றதும் நம் முன்னோர்க்குக் கிடைத்த மரியாதை என்று மகிழ வேண்டாம். மதிப்புக்காகத் தந்த எண் அல்ல அது. எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது, பின்னால் வருகிறவரை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதற்கான எண். காரில் போகிறவருடைய கண்ணிலிருந்து பார்த்தால் சாலையில் இருக்கிற மற்றவர் எல்லாம் எத்தனை இடைஞ்சல் என்பதே அந்தப் பட்டியல்.

காலையில் செங்கோட்டையிலிருந்து புறப்படுகிற ஒரு டவுன் பஸ்ஸில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். (நம் மாணவர்கள் படிக்கட்டில் தொங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) அந்தப் பேருந்துக்கு மூன்று அலகு. அதன் பின்னாலேயே எம்.சாண்ட் ஏற்றிய ஒரு லாரி, அதற்கும் மூன்று. அதற்குப் பின்னால் ஆளுக்கொரு காரில் மூவர் தனித்தனியாக, அதுவும் மூன்று. ஆக 60 உயிரும், ஒரு லோடு மணலும், மூன்று பேரும் ஒரே எண். ஒரு சமன்பாட்டின் இரு பக்கமும் சமம் என்று எழுதிவிட்டால் அதன்பின் அந்தச் சமன்பாடு சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். பேருந்து நிற்க ஒதுங்கிடம் வேண்டும், நிழற்குடை வேண்டும் என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லை.

இன்னொன்று. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக நான் இரண்டு முறை படித்தேன். கைவண்டி இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது, சைக்கிள் ரிக்‌ஷாகூட இருக்கிறது. நடந்து போகிறவர் இல்லை. நடைபாதைக்குத் தனி விதிநூல் உண்டு என்று பொறியாளர்கள் சொல்வார்கள், உண்டுதான். ஆனால் இந்தச் சாலை நான்கு வழியாக வேண்டுமா என்று தீர்மானிக்கிற கூட்டல் கணக்கில், தலையில் புல்லுக்கட்டோடு சாலையோரமாக வருகிற என் அம்மாவின் மதிப்பு பூச்சியம்.

இதைச் சோதித்துப் பார்க்க நாங்கள் தோழியர் மூவர் ஒரு விடுமுறை நாளில் பிரானூரில் ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பத்தி பத்தியாகக் கோடு போட்டுத்தான் போயிருந்தோம். கால் மணி நேரத்தில் பத்திகள் போதவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவர் சைக்கிளா, நடையா? குறுக்கே போகிற ஆட்டு மந்தை எந்தப் பத்தி? சாலையைக் கடக்க நின்று, முடியாமல், மறுபடி ஓரத்துக்கே திரும்பிவிட்ட பாட்டியை எங்கே எழுதுவது? கடைக்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா எழுதுதிய? ரோட்டுக் கணக்கா? ஆளையும் சேத்து எண்ணுங்க. வண்டிய மட்டும் எண்ணிட்டுப் போனா, நடுவுல சுவரு எழுப்பிருவாவ. அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம் டீ குடிக்க ரெண்டு மைல் சுத்தி வரணும்." ஒரு மணி நேர எண்ணிக்கையை வைத்து நான் எதையும் நிறுவ வரவில்லை. ஆனால் எண்ணுகிறவர் கையில் இருக்கிற தாளில் எத்தனை பத்தி என்பதே ஒரு கொள்கை முடிவு என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, எந்த வாரம் எண்ணுவது? இதற்கும் விதி உண்டு. ஆண்டுக்கு இரு முறையாவது எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், இரவும் பகலும். ஒன்று அறுவடைக் காலத்தில், மற்றொன்று போக்குவரத்துக் குறைந்த காலத்தில். நல்ல விதிதான். சமவெளியில், ஒரே விளைச்சலை நம்பியிருக்கிற ஊருக்கு அது பொருந்தும். எங்கள் பக்கத்து ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காரும் பிசானமும் என்று நெல் இரண்டு போகம். ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன். சாரல் விழுந்த ஞாயிற்றுக்கிழமையில் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே வண்டி நகராது. ஆவணியில் ஓணம், பாவூர்சத்திரத்துச் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் மலையேறும். அதே சமயம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் அதைப் பார்க்க அந்தப் பக்கத்திலிருந்து கார்கள் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பக்தர்கள் இரவும் பகலுமாக. இவை எதுவும் இல்லாத பங்குனியில் ஏழு நாள் எண்ணினால் வருவது ஒரு சாலை. கார்த்திகையில் எண்ணினால் வருவது வேறொரு சாலை. புள்ளியியல் வகுப்பில் மாதிரி எடுப்பதில் சார்பு என்று படிக்கிறோமே, அது புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று.

இடைச்செருகலாக ஒன்று. புனலூர் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010இல் மூடினார்கள். 2018இல்தான் ரயில் மறுபடி ஓடியது. அந்த எட்டு ஆண்டுகளில் எவராவது இந்தச் சாலையில் எண்ணியிருந்தால், ரயிலில் போக வேண்டிய கூட்டத்தையும் சேர்த்தே எண்ணியிருப்பார். சாலையின் தேவையைச் சாலையை மட்டும் பார்த்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நெரிசலை வைத்து அகலத்தை முடிவு செய்யவும் ஒரு முறை இருக்கிறது. ஓராண்டில் 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் போன வண்டிகளைப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணாக வரிசைப்படுத்தி, முப்பதாவது இடத்தில் நிற்கிற மணியை எடுத்துக்கொண்டு அதற்கேற்ப அகலத்தை வகுப்பது. உச்சத்தில் இருக்கிற 29 மணி நேரம் மட்டும் மக்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று பொருள். அறிவுள்ள ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊரில் அந்த முப்பதாவது மணியும் குற்றாலச் சீசன் ஞாயிறாகவே இருக்கக்கூடும். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் நெரிசலுக்காக நிரந்தரமாக நஞ்சையைக் கொடுப்பதா, அல்லது அந்த ஞாயிறுகளில் மட்டும் கூடுதல் ரயிலும் பேருந்தும் விட்டு, கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தச் செய்வதா? இதை முடிவு செய்ய வேண்டியது கால்குலேட்டர் அல்ல, நாம்.

எண்ணியாயிற்று, இனி எடை. இங்கேதான் எனக்கு உண்மையாகவே வியப்பு ஏற்பட்டது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படுகிற சேதம் அச்சின் எடையோடு ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதிலிருந்து கண்டார்கள். எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு! நம் நாட்டிலும் சாலையின் கனத்தை வகுக்க 8,160 கிலோ எடையுள்ள ஓர் அச்சை அளவுகோலாக வைத்து, மற்ற அச்சுகளை இப்படித்தான் மாற்றுகிறார்கள்.

எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காரின் அச்சுக்கு 600 கிலோ என்று கொள்வோம். 8,160ஐ 600ஆல் வகுத்தால் 13.6. அதன் நான்காம் அடுக்கு ஏறக்குறைய 34,000. ஒரு லாரியின் ஒரே ஓர் அச்சு ஒரு முறை ஓடுவது, 34,000 கார் அச்சுகள் ஓடுவதற்குச் சமம். இடத்தை அளக்கிற பட்டியலில் மூன்று காருக்குச் சமமாக இருந்த அதே லாரிதான்! 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. ஒன்றே கால் டன்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். நான்காம் அடுக்கில் போட்டால் 10.2 டன் அச்சின் சேதம் அளவுகோலைப் போல் 2.44 மடங்கு, 11.5 டன்னுக்கு 3.94 மடங்கு. எடை நூற்றுக்குப் பதின்மூன்று கூடச் சேதம் அறுபதுக்கு மேல் கூடிவிட்டது. இது சட்டம் அனுமதித்த எடை. அதற்கு மேல் ஏற்றி வருகிற டாரஸ் லாரிகளை நான் சொல்லவில்லை. புளியரை வழியே மலையேறுகிற ஜல்லி, எம்.சாண்ட் வண்டிகளை எதிர்த்து எங்கள் மாவட்டத்தில் நடந்த போராட்டங்களை நாளிதழ் படிக்கிற அனைவரும் அறிவர்.

ஆகவே எண்ணினால் போதாது, நிறுக்கவும் வேண்டும். விதிகளில் அச்செடைக் கணக்கெடுப்பு என்று இருக்கவே இருக்கிறது. அதை நம் கணவாய்ச் சாலையில் எல்லா வகை லாரிக்கும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். கீழிருந்து மேலே போகிற லாரி நிறைசூலியாகப் போகிறது, திரும்புகிறது காலியாக. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் சாலையின் ஒரு பாதி வீணாகக் கனக்கும், மறுபாதி மூன்றே மழையில் குழி விழும்.

எல்லை வகுப்பதற்கு வருகிறேன். புளியரையைத் தாண்டினால் 'எஸ்' வளைவு. இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்புவதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிடும் இடம். சாலைக்குக் கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி நிலை தவறி மேலிருந்து தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு எழுந்த அப்பகுதி முதியவரும் அவர் மனைவியும் கையில் டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் பாராட்டிப் பரிசளித்தார், நாடே புகழ்ந்தது. புகழ வேண்டியதுதான். ஆனால் ஒரு சாலைக்கும் ஒரு ரயில் பாதைக்கும் நடுவே இருந்த பாதுகாப்பு, கடைசியில் முதியவர் ஒருவரின் டார்ச் விளக்காக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. சாலை ஒரு துறை. தண்டவாளம் ஒரு துறை. நடுவில் இருக்கிற சரிவு யாருடைய திட்டத்தில் வரும்?

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. சமவெளியில் இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 கார் அலகு தாங்கும் என்று அதே 1990ஆம் ஆண்டு விதி கூறுகிறது. வளைவு மிகுந்த மலைச் சாலைக்கு 5,000தான். கீழே நான்கு வழி போட்டுப் புளியரையில் கொண்டுவந்து நிறுத்தினால், அகன்ற வாய்க்கால் நீரை ஒற்றை மதகில் திருப்பியது போல ஆகும். மதகுக்கு முன்னால் நீர் எங்கே நிற்கும்? எங்கள் ஊர்த் தெருவில். மலைக்கு மேலே வேறு மாநிலம், வேறு திட்டம், வேறு ஒப்பந்தம் என்பது தாளில் சரி. லாரிக்கு அது தெரியாது. இரு மாநிலத்தாரும் கணவாயை ஒரே சாலையாக வைத்து ஒரே சமயத்தில் எண்ணாதவரை, கீழ்ப் பகுதிக்கு எத்தனை வழி வேண்டும் என்று எவராலும் சொல்ல இயலாது என்பதே என் துணிபு.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வோர் ஓடையும் எங்கள் சாலையைக் குறுக்கே கடந்துதான் குளத்துக்குப் போக வேண்டும். அளவெடுக்க வருகிறவர் மாசி மாதத்தில் வந்தால் ஓடை வெறும் மணல் கோடாகத் தெரியும். சிறுபாலத்துக்கு ஒரு குழாய் போதும் என்று எழுதிவிட்டுப் போவார். ஐப்பசியில் அதே ஓடை தன் வழியைக் கேட்டுவரும். சாலையின் உயரமும் அப்படித்தான். எங்கள் வீட்டு வாசலில் ஆச்சி காலத்தில் மூன்று படிகள் இருந்தன. பழைய தாரைச் சுரண்டாமலே அதன் மேல் புதிய தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டு, இப்போது வாசலும் தெருவும் ஒரே மட்டம். மழை வந்தால் சாலை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. ஜல்லி சுமந்த ஆச்சி சொல்வார்: "நான் தூக்குன கல்லுதான்டி, என் வாசலையே மூடிட்டு." 2021இல் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு அவர்கள், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறார். சாலைத் திட்டத்தின் எல்லை தாரின் விளிம்போடு முடிவதில்லை, வீட்டு வாசல்படி வரை வருகிறது என்பதை ஒப்புக்கொண்ட அறிவுரை அது.

"இதெல்லாம் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள், பி.எஸ்ஸி. மாணவிக்கு என்ன தெரியும்?" என்று கேட்கலாம். உண்மை; எனக்கு ஒரு சிறுபாலத்தைக்கூட வடிவமைக்கத் தெரியாது. ஆனால் பொறியாளர்களுடைய அறிவில் எனக்கு ஐயமே இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்படுகிற கேள்வியில்தான் ஐயம். "இந்தச் சாலையை அகலப்படுத்துவது எப்படி?" என்று கேட்டால் அவர்கள் அதற்கு விடை தருவார்கள். "புளியரையிலிருந்து ஒரு கர்ப்பிணி ஒரு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போவது எப்படி? எலுமிச்சை மூட்டை வாடாமல் சந்தைக்குப் போவது எப்படி? பள்ளிப் பிள்ளைகள் உயிரோடு சாலையைக் கடப்பது எப்படி?" என்று கேட்டால் வேறு விடை வரும். அகலம் அதில் ஒரு பகுதியாக இருக்கலாம். சில இடத்தில் புறவழி, சில இடத்தில் வளைவை நிமிர்த்துவது, சில இடத்தில் வெறும் நடைபாதையும் தடுப்புச் சுவரும் போதும் என்றும் ஆகலாம்.

முன்கூட்டிக் கேளாத கேள்வி பின்னால் வந்து வழிமறிக்கும். திருநெல்வேலி - தென்காசிச் சாலையில் போகிறவர்களுக்குப் பாவூர்சத்திரம் ரயில்வே கேட் நினைவிருக்கும். நான்கு வழி இரு புறமும் வந்து நிற்க, மேம்பாலம் பின்னால் வந்தது. தண்டவாளத்துக்கு மேலே வருகிற பகுதிக்கு ரயில்வேயின் ஒப்புதல் வேண்டும். இரு புறத்து ஏறுபாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பிறகு பெண் வீட்டாரைக் கேட்கப் போவது போன்ற முறை.

மக்களைக் கேட்கிற இடம் எங்கே? 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நிலம் எடுக்கும் அறிவிக்கை வெளியான பின் ஆட்சேபம் சொல்ல 21 நாள் தருகிறார்கள். அறிவிக்கையின் சுருக்கம் இரண்டு நாளிதழ்களில் வரும். ஒன்று தாய்மொழியில் இருக்க வேண்டும். என் அப்பாவைப் போன்றவர் அந்தப் பொடி எழுத்தில் தம் சர்வே எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்து எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று விசாரிப்பதற்குள் 21 நாள் போய்விடும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையிலும் ஆய்வின் வரம்பை வகுப்பது முந்திய படி, மக்கள் கருத்தைக் கேட்பது அதற்குப் பிந்திய படி. வரம்பு கட்டி முடித்த பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வரம்பைப் பற்றிப் பேசாதே என்றால் என்ன பேசுவது? என் கருத்து இது: கோடு வரைபடத்தில் விழுவதற்கு முன், திட்டத்தின் முதல் தாள் தமிழில், பெரிய எழுத்தில், சாலை போகிற ஒவ்வோர் ஊராட்சியின் கிராம சபைக்கும் வர வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். நீர் எந்த வழி ஓடும், பிள்ளைகள் எங்கே கடக்கிறார்கள், எந்த வளைவில் எத்தனை முறை லாரி கவிழ்ந்தது என்பதையெல்லாம் அங்கே சொல்ல ஆள் இருக்கிறார்கள். இதனால் தாமதமாகும் என்பார்கள். அறிவிக்கை வந்த பிறகு கிளம்புகிற எதிர்ப்பும் வழக்கும் எத்தனை ஆண்டுத் தாமதம் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. நம் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள். சாலையில் எண்ண வேண்டியதும் ஏழு நாள். ஒவ்வோராண்டும் ஒரு கோவிலைப் பெருக்கி வெள்ளையடித்துவிட்டு வருகிறோம். அடுத்த மாதமே அது பழையபடி ஆகிவிடுகிறது. ஓராண்டுக்கு மட்டும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுப்போமே! கணிதத் துறையும் பொருளியல் துறையும் சேர்ந்தால் கணக்குக்குக் குறைவிருக்காது. தமிழ்த் துறையினர் அறிக்கையை மக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித் தரட்டும். புளியரைச் சோதனைச் சாவடியருகே ஓர் அணி, பிரானூரில் ஓர் அணி, இலஞ்சி விலக்கில் ஓர் அணி. முகாமைக் கார்த்திகையில் வைத்துக்கொண்டு, பங்குனியில் இன்னொரு வாரம் நாமாகவே போய் எண்ணினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். மாணவிகள் பகலோடு போய்விடுவார்கள் என்று யாரும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம்.

தாள் தயாராக இருக்கிறது. எங்கள் வகுப்பில் போன வாரமே கோடு போட்டுவிட்டோம். மொத்தம் பதினெட்டுப் பத்திகள். முதல் பத்தி நடந்து போகிறவர். இரண்டாவது சாலையைக் கடக்க நிற்பவர். மூன்றாவது பேருந்தும், அதற்குள் இருக்கிற தலைகளும். கார் ஒன்பதாவது பத்தியில் வருகிறது. திட்ட அலுவலர் ஐயா அவர்கள் ஒப்புதல் தந்தால் பிரதி எடுக்க வேண்டியதுதான் பாக்கி.